பூனையின் கண்ணில் எந்தக் கிருமி? ஸ்வாப் மட்டும் சொல்லிவிடாது

பூனைக்குக் கண் சிவந்து, பூளை கட்டி, ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டே திரிகிறது என்றால் வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது "என்ன சொட்டு மருந்து போடலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நோய் கண்ணின் எந்தப் பகுதியில் இருக்கிறது? இமையின் உட்புறச் சவ்விலா, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலமான கார்னியாவிலா, இல்லை கண்ணுக்கு உள்ளேயா? மூன்று இடத்துக்கும் கிருமிகள் வேறு, பரிசோதனைகள் வேறு, தப்பான மருந்து போட்டால் ஆகும் சேதமும் வேறு.

நாய் வளர்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய்க்குக் கண் சிவந்தால் கண்ணீர் வறட்சி, ஒவ்வாமை, இமை உள்ளே மடங்கியிருப்பது என்று காரணங்கள் நீளும், பாக்டீரியா பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதுதான். பூனையில் கதை தலைகீழ். சவ்வு சிவந்து வீங்கியிருந்தால் வேறொன்று நிரூபிக்கப்படும்வரை அது தொற்று என்றே பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதிலும் முதல் சந்தேகம் பூனை ஹெர்பிஸ் வைரஸ் மேல், அடுத்தது கிளமிடியா ஃபெலிஸ் என்ற பாக்டீரியா மேல். அப்புறம் கலிசி வைரஸ், மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியா. நம்ம ஊரில் "பூனைக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது" என்று சொல்வதுண்டு, ஆனால் மனிதர்களுக்கு அந்தக் கண்வலியைக் கொண்டுவரும் அடினோ வைரஸுக்கும் இந்தக் கிருமிகளுக்கும் சம்பந்தமில்லை. பூனையின் ஹெர்பிஸும் மனிதருக்கு ஒட்டாது. கிளமிடியா ஃபெலிஸ் மட்டும் மிக அரிதாக மனிதர் கண்ணுக்கு வந்ததாகப் பதிவுகள் உண்டு, எனவே சொட்டு மருந்து போட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், பயந்து பூனையை வெளியே விட வேண்டியதில்லை.

ஹெர்பிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயைக் கண்டுபிடிப்பதில் வரும் குழப்பத்தில் பாதி அதன் குணத்தால்தான் வருகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் இது. உடம்பின் உள் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ச்சியான இடத்தில் நன்றாகப் பெருகும், அதனால் மூக்கும் கண்ணும் அதற்கு வசதி. தொற்றிய 2 முதல் 6 நாட்களில் தும்மல், சளி, கண்ணீர் வடிதல் எல்லாம் தொடங்கும், சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் வைரஸ் போகாது. முகத்துக்கு வரும் முக்கிய நரம்பின் முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருமுறை தொற்றிய பூனைகளில் சுமார் 80 சதவீதம் வாழ்நாள் முழுக்க இப்படி வைரஸைச் சுமப்பதாகக் கணக்கிடுகிறார்கள். வீடு மாற்றுவது, புதுப் பூனை வருவது, போர்டிங்கில் விடுவது, அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசி என்று ஏதாவது ஒன்று நடந்தால் வைரஸ் விழித்துக்கொள்ளும், அதுவும் உடனே இல்லை, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. அதனால் நல்ல டாக்டர் "நேற்று என்ன ஆச்சு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "போன வாரம், அதற்கு முந்தின வாரம் வீட்டில் என்ன நடந்தது?" என்றும் கேட்பார். குட்டி போட்ட தாய்ப்பூனைக்குப் பால் கொடுக்கும் காலமே ஒரு அழுத்தம்தான். 4 முதல் 6 வாரத்தில் அது வைரஸை வெளியிடத் தொடங்குவதும், தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தெருக்குட்டிகள் ஒரு ஈட்டில் எல்லாமே கண் ஒட்டிப்போய்க் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். தும்மலும் சளியும் பலமாக இருந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, கார்னியாவிலும் புண் இருந்தால் ஹெர்பிஸ் பக்கம் சாயலாம். கிளமிடியாவில் தும்மல் கொஞ்சமாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, ஆனால் இமைச்சவ்வு நீர்கோத்து உப்பி, சில சமயம் கண்ணையே மறைக்கும் அளவுக்கு வெளியே பிதுங்கும். ஒரு கண்ணில் ஆரம்பித்துச் சில நாட்களில் அடுத்த கண்ணுக்குத் தாவும். பெரும்பாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட பூனைகளில், அதுவும் பல பூனைகள் சேர்ந்து வாழும் இடத்தில். அது கார்னியாவை வழக்கமாகத் தொடுவதில்லை. கலிசியில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், நாக்கிலும் அண்ணத்திலும் புண் இருக்கும், சில குட்டிகள் நொண்டவும் செய்யும். இதெல்லாம் நிகழ்தகவுதான், சட்டம் இல்லை. ஒரே பூனையில் இரண்டு கிருமிகள் சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

இனிப் பரிசோதனை. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வரிசை. ஒவ்வொரு சோதனையும் அடுத்ததைக் கெடுக்கக்கூடியது, அதனால் எதை முதலில் செய்வது என்பதே பாதி வேலை. கண்ணில் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் கண்ணீர் அளக்கும் காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் ஒரு நிமிடம் செருகி எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். பூனை பயந்திருந்தால் கண்ணீர் சுரப்பே குறைந்துவிடும், எனவே கிளினிக்கில் வந்த ஒரு குறைந்த அளவை மட்டும் வைத்துக் கண் வறட்சி என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்து ஸ்வாப் எடுப்பது, அதாவது பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பது, ஏனென்றால் சாயமும் மரத்துப்போகும் சொட்டும் சில ஆய்வக முறைகளைக் குழப்பும். அதற்கப்புறம்தான் சாயம். கண் அழுத்தம் பார்ப்பதும் செல்களைச் சுரண்டி எடுப்பதும் மரத்துப்போகும் சொட்டு போட்டபின்.

சாயம் என்றால் ஃப்ளோரசின். ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1871இல் உருவாக்கியது, 1880களிலேயே கண் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது, இன்றைக்கும் இதற்கு மாற்று இல்லை. ஆரஞ்சு நிறச் சொட்டு. கார்னியாவின் மேல்தோல் முழுதாக இருந்தால் வழிந்து போய்விடும், தோல் உரிந்த இடத்தில் உள்ளே இறங்கி ஒட்டிக்கொள்ளும். நீல ஒளி அடித்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். பூனையின் கண்ணில் இந்தப் பச்சை, மரக்கிளைபோலக் கிளைத்துக் கிளைத்து மெல்லிய கோடுகளாக ஓடினால் அது ஹெர்பிஸ், வேறெதுவும் அப்படி வரையாது. விலையுயர்ந்த எந்த ஆய்வகச் சோதனையும் தராத உறுதியை இந்த மலிவான சாயம் தருகிறது. ஆனால் கிளைக்கோடுகள் எல்லாப் பூனையிலும் இருக்காது, நோயின் தொடக்கத்தில் கொஞ்ச காலம்தான் இருக்கும், அப்புறம் கிளைகள் ஒன்றுசேர்ந்து பெரிய புண்ணாகிவிடும், அந்த உருவத்தைப் பார்த்து யாராலும் ஹெர்பிஸ் என்று அடித்துச் சொல்ல முடியாது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வெறும் டார்ச்சில் பார்த்தால் மெல்லிய கோடுகள் தப்பிவிடவும் கூடும். இன்னொரு பொறி: புண் மிக ஆழமாகிக் கடைசிப் படலத்தை எட்டிவிட்டால் அதன் நடுப்பகுதி சாயத்தை ஏற்காது, ஓரத்தில் மட்டும் பச்சை வளையம் தெரியும். "நடுவில் ஒட்டவில்லை, ஆறிவருகிறது" என்று நினைத்தால் போச்சு, கண் உடையும் தறுவாயில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

சாயம் போட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு போடவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மெடிக்கல் ஷாப்பில் கண் சிவப்புக்கு என்று எடுத்துக்கொடுக்கும் சொட்டுகளில் பல, ஆண்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்தவை. பாட்டிலின் லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று இருந்தால் அதுதான். போட்ட இரண்டு நாளில் சிவப்பு குறையும், வளர்ப்பவருக்கு நிம்மதி. உள்ளே ஹெர்பிஸ் இருந்தால் அது தடையில்லாமல் பெருகும், புண் ஆழமாகும், பூனைகளுக்கே உரிய வேறொரு சிக்கலும் வரலாம்: கார்னியாவின் ஒரு பகுதி செத்துப்போய்ப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தட்டுப்போல ஒட்டிக்கொள்ளும், பெர்சியன் பூனைகளில் இது அதிகம், பல சமயம் அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கூடவே, நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் வேண்டாம். ஆறவைத்த கொதிநீரில் நனைத்த பஞ்சால் பூளையைத் துடைப்பது மட்டும் போதும், அதுவும் ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

இப்போது பிசிஆர். கொரோனாவுக்கு அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த சொல் ஆகிவிட்டது, பெரிய நகரங்களில் பூனைக்கும் சளி, கண் நோய்க்கான கிருமிகளை ஒரே ஸ்வாபில் பார்க்கும் பேனல் கிடைக்கிறது. அறிக்கையில் "ஹெர்பிஸ் பாசிட்டிவ்" என்று வந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பிசிஆர் சொல்வது அந்த வைரஸின் மரபணுத் துணுக்கு அங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும் பூனை, எந்த நோயும் இல்லாத நாளிலும் அவ்வப்போது அதைக் கண்ணிலும் தொண்டையிலும் சிந்தும். வேறு காரணத்தால் கண் வீங்கினால் அந்த வீக்கமே வைரஸைத் தட்டியெழுப்பவும் கூடும். உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசியின் வைரஸையும் சோதனை பிடித்துவிடும், எனவே தடுப்பூசி எப்போது போட்டது என்பதை டாக்டரிடம் சொல்லாமல் ஸ்வாப் எடுப்பது வீண்.

மறுபக்கம், "நெகட்டிவ்" என்றாலும் ஹெர்பிஸ் இல்லை என்று ஆகாது. நாள்பட்ட கார்னியா நோயில் அழற்சி நடப்பது பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்பால்தான், வைரஸ் மிகக் கொஞ்சமாக இருக்கும், ஸ்வாபில் மாட்டாது. அதாவது சோதனை எந்தப் பூனைக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அந்தப் பூனையில்தான் அது அதிகம் தடுமாறுகிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்ப்பது இதைவிட மோசம். தடுப்பூசி போட்ட பூனை, எப்போதோ தொற்றிய பூனை, இப்போது நோயுள்ள பூனை மூன்றுமே பாசிட்டிவ் காட்டும். ஹெர்பிஸுக்கு அந்த ரத்தப் பரிசோதனையில் பணம் போடாதீர்கள் என்பது என் கருத்து.

கிளமிடியா விஷயத்தில் பிசிஆருக்கு மதிப்பு அதிகம். அது ஆரோக்கியமான பூனைகளின் கண்ணில் அபூர்வமாகத்தான் கிடைக்கும், எனவே நோயுள்ள கண்ணில் பாசிட்டிவ் வந்தால் அதை நம்பலாம். ஆனால் இந்தப் பாக்டீரியா செல்லுக்குள்ளே வாழ்வது, பூளையில் மிதப்பதில்லை. வழிந்த சீழை ஒற்றியெடுத்து அனுப்பினால் பயனில்லை. சீழைத் துடைத்துவிட்டு, சவ்வின் மேல் ஸ்வாபை அழுத்தி உருட்டிச் செல்களோடு எடுக்க வேண்டும். மோசமாக எடுத்த ஸ்வாப் எவ்வளவு நல்ல ஆய்வகத்தையும் தோற்கடித்துவிடும். மைக்கோபிளாஸ்மா இரண்டுங்கெட்டான். ஆரோக்கியமான கண்ணிலும் கிடைக்கும், நோயுள்ள கண்ணிலும் கிடைக்கும், அது தனியாக நோயை உண்டாக்குகிறதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. சாதாரணப் பாக்டீரியா கல்ச்சர், அதாவது மாதிரியில் உள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது, ஆழமான அல்லது குழைந்து உருகும் கார்னியாப் புண்ணுக்குக் கட்டாயம் வேண்டும், வெறும் சிவந்த கண்ணுக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது.

இதற்கு நடுவில் மறந்துபோகும் எளிய வழி ஒன்று உண்டு. மரத்துப்போகும் சொட்டு போட்டுச் சவ்வை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. கிளமிடியா தொற்றிய முதல் இரண்டு வாரங்களுக்குள் என்றால் செல்களுக்குள் அதன் கூட்டங்கள் தெரியக்கூடும், அப்புறம் அரிது. கார்னியாவின் மேல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மேடு தட்டியிருக்கும் பூனையில் இந்தச் சுரண்டலில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் தெரிந்தால் நோயின் பெயரே மாறிவிடும்: ஈசினோஃபிலிக் கெராடைட்டிஸ். அதற்குச் சிகிச்சை ஸ்டீராய்டு சொட்டுதான்! ஆனால் அந்த நோயுள்ள பூனைகளில் பலவற்றில் ஹெர்பிஸும் கூடவே இருப்பதால் டாக்டர் இங்கே கத்திமேல் நடக்க வேண்டியிருக்கிறது, வைரஸ் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டு.

நடைமுறையில் பல டாக்டர்கள் எந்தப் பேனலும் அனுப்பாமல் மருந்து கொடுத்தே கண்டுபிடிக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், சரியாகச் செய்தால் அதுவும் ஒரு சோதனைதான். டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்துச் சில நாட்களில் வீக்கம் பளிச்சென்று வடிந்தால் கிளமிடியா அல்லது மைக்கோபிளாஸ்மா என்று எடுத்துக்கொள்ளலாம். கண் தெளிந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள், அதுதான் தப்பு. கிளமிடியா குடலிலும் இருப்பதால் சொட்டு மட்டும் போதாது, நான்கு வாரம் மருந்து வேண்டும், வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் வேண்டும். மாத்திரை என்றால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ உணவோ உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் தங்கி அரித்துச் சுருக்கிவிடும். ஹெர்பிஸ் சந்தேகம் பலமாக இருந்தால் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். மனிதர்களுக்கு அம்மைக்கும் அக்கிக்கும் கொடுக்கும் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகளை "அதே ஹெர்பிஸ்தானே" என்று வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் எலும்பு மஜ்ஜையை, ஈரலை, சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கக்கூடியவை அவை. ஹெர்பிஸுக்கு என்று லைசின் என்ற அமினோ அமிலப் பவுடர் இன்னும் பல இடங்களில் விற்கிறது, ஆனால் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிய 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று அதனால் பயனில்லை, நிறுத்திவிடலாம் என்றே முடிவு சொன்னது.

இதுவரை பேசியது எல்லாம் கண்ணின் மேல்பரப்பு. உள்ளே அழற்சி என்றால், அதாவது யுவியைட்டிஸ் என்றால், ஆட்டமே வேறு. பூளை அவ்வளவாக இருக்காது. கண் மங்கலாகத் தெரியும், கருவிழித்திரையின் நிறம் மாறியிருக்கும், கண்மணி சுருங்கியிருக்கும், சில சமயம் உள்ளே ரத்தமோ சீழோ தேங்கும். இருட்டு அறையில் மெல்லிய ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் பாய்ச்சினால், சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் வெளிச்சம் தூசியில் தெரிவதுபோல, அந்தக் கற்றை கண்ணுக்குள்ளேயே தெரியும். தெளிவாக இருக்க வேண்டிய நீரில் புரதம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். கண் அழுத்தமும் உதவும். பூனைக்கு ஏறக்குறைய 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை சாதாரணம், யுவியைட்டிஸில் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்கிவிடும்.

இங்கே தேட வேண்டிய கிருமிகள் உடம்பு முழுக்க உள்ளவை: டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்ஐவி, ரத்தப்புற்று வைரஸ் எஃப்இஎல்வி, எஃப்ஐபி நோயை உண்டாக்கும் வைரஸ் (கீழே சொல்கிறேன்), கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. டாக்ஸோபிளாஸ்மாவிலும் ஹெர்பிஸில் பார்த்த அதே தலைவலி, எப்போதோ தொற்றி எந்தக் கேடும் இல்லாமல் வாழும் பூனைகளிலும் எதிர்ப்புப் புரதம் இருக்கும், ஒரே ஒரு அளவை வைத்துக் கண் நோய்க்கு அதுதான் காரணம் என்று பழி போட முடியாது. கிரிப்டோகாக்கஸுக்கு ரத்தத்தில் அந்தப் பூஞ்சையின் உறைப்பொருளையே தேடும் சோதனை இருக்கிறது, அது பாசிட்டிவ் என்றால் நம்பலாம். எல்லாம் நெகட்டிவ் வந்து காரணமே தெரியாமல் முடியும் பூனைகளும் நிறைய.

எஃப்ஐபி இப்போது தனிக் கவனம் கேட்கிறது. பூனைகளின் குடலில் பரவலாக வாழும் ஒரு கொரோனா வைரஸ் (நம் கோவிட் அல்ல) சில பூனைகளின் உடம்புக்குள் உருமாறி உண்டாக்கும் நோய் அது. வயிற்றில் நீர் கோக்காத வகையில், கண் மாற்றம்தான் சில சமயம் முதல் அடையாளம். இளம் பூனை, விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு கண்ணும் மங்கல், ரத்தப் புரதங்களில் குளோபுலின் ஏறி ஆல்புமின் இறங்கியிருப்பது, இவை சேர்ந்து வந்தால் உடனே யோசிக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பெயரைச் சொன்னால் கதை முடிந்தது என்று பொருள். 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து, பெரும்பாலானவை பிழைத்ததை வெளியிட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. கண்ணைப் பார்ப்பது இங்கே வெறும் அடையாளத்துக்காக இல்லை: கண்ணிலோ மூளையிலோ நோய் இருந்தால் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் ரத்தத்திலிருந்து அங்கே மருந்து எளிதில் போகாது. கண்ணைச் சரியாகப் பார்க்காமல் குறைந்த அளவில் தொடங்கினால் வயிறு தேறும், நோய் கண்ணில் தங்கிவிடும்.

தொற்றுபோலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. பெர்சியன் பூனையின் தட்டை முகத்தில் கண்ணீர்க்குழாய் மடங்கியிருப்பதால் எப்போதும் வழியும், ஆண்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. ஒரே கண், திடீர் வலி என்றால் புல் விதையோ சண்டையில் பட்ட நகமோ இருக்கலாம். வயதான பூனையின் கண்ணுக்குள் ரத்தம் கண்டால் கிருமியைத் தேடும் முன் ரத்த அழுத்தம் பாருங்கள்.

டாக்டரிடம் கிளம்பும்போது பூளையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அழகுபடுத்திக் கொண்டுபோகாதீர்கள். துடைக்காமல் போவது நல்லது, போனில் முதல் நாளிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் இன்னும் நல்லது, எந்தக் கண்ணில் தொடங்கியது என்று அதில் தெரிந்துவிடும். ஏற்கனவே போட்ட சொட்டின் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கண்ணை இறுக மூடியிருப்பது, கார்னியா நீலம் பாய்ந்ததுபோல் மங்குவது, நடுவில் குழி தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அப்புறம், இன்னும் கண் திறக்காத குட்டி. பிறந்து 7 முதல் 14 நாளில் கண் திறக்க வேண்டும். அதற்கு முன்பே மூடிய இமை உப்பிக்கொண்டு ஓரத்தில் சீழ் கசிந்தால் உள்ளே தொற்று தேங்கியிருக்கிறது. தானாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தால் இமைச்சவ்வு கார்னியாவோடு ஒட்டி வளர்ந்துவிடும், அந்த ஒட்டலைப் பிறகு வெட்டி எடுத்தாலும் திரும்ப ஒட்டும். டாக்டர் இமையை ஈரப்படுத்தி மூக்குப் பக்க முனையிலிருந்து மெல்லப் பிரித்துச் சீழைக் கழுவிவிடுவார், சில நிமிட வேலை, அன்றைக்கே செய்தால்.